துணுக்குத் தட்சிணாமூர்த்தியின் உறுதிமொழி

கத்தரிக்கோல் பழைய வார இதழின் ஓரமாக நகர்கிறது. வெட்டியெடுத்த துண்டைப் பார்த்து வலது கை எழுதுகிறது: மும்பை நடிகை ஹைதராபாத் நடிகையாகிறார், அவர் வளர்க்கும் நாய்க்குட்டி பூனைக்குட்டியாகிறது, விரும்பிச் சாப்பிடும் வெண்டைக்காய் மட்டும் வெண்டைக்காயாகவே இருக்கிறது. அடியில் கார்பன் தாள். ஐந்தே நிமிடத்தில் புதிய செய்தி தயார்.

வாசகரே, இதுதான் துணுக்கு எழுதும் இனம். ஊருக்கு ஒருவராவது உண்டு. திருப்பாதிரிப்புலியூருக்கு வாய்த்தவர் தட்சிணாமூர்த்தி. சென்னைக்கு இரண்டே முறை போயிருக்கிறார், இரண்டும் கண் ஆஸ்பத்திரிக்கு. ஆனாலும் எந்தப் பாடகர் தொண்டைக்கு என்ன குடிக்கிறார், எந்த சீரியல் மாமியாருக்கு வீட்டில் நிஜ மருமகளோடு ஆகவில்லை, எந்தக் கதாநாயகர் எந்த நிற நாற்காலியில் உட்கார மாட்டார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. எப்படி? "பட்சி சொல்லுது" என்பார். அந்தப் பட்சியிடம் சென்னை எந்தத் திசை என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும்.

ஒன்றில் மட்டும் கறார். கதை அனுப்புகிறவர்களிடம் பத்திரிகைகள் கேட்கும் உறுதிமொழியை ஒவ்வொரு துணுக்கின் அடியிலும் எழுதிக் கையெழுத்திடுவார்: "இது என் சொந்தக் கற்பனை. வேறெதையும் தழுவியதல்ல." செய்திக்கு எதற்கு இந்த உறுதிமொழி என்று அவருக்கும் உறைத்ததில்லை, அச்சிட்டவர்களுக்கும் உறைத்ததில்லை.

2008இல் சிதம்பரத்திலிருக்கும் தங்கை மகள் கயல்விழி டிவி பாட்டுப் போட்டியில் அரையிறுதிக்கு வந்தாள். தட்சிணாமூர்த்தியின் பேனா சும்மா இருக்குமா? பெயர் போடவில்லை, நாகரிகம் தெரிந்தவர். "தில்லைக் குயிலும் கீபோர்டுக்காரரும் கண்ணால் பேசிக்கொள்கிறார்களாம்" என்று மட்டும் எழுதினார். அச்சிலும் வந்தது. (யார் அந்தக் கீபோர்டுக்காரர் என்கிறீர்களா? இருங்கள், உங்களிடம் பிறகு வருகிறேன்.) மறுவாரம் சென்னை இதழ் ஒன்று அதை எடுத்து, கண்ணை விட்டுவிட்டுக் கையைக் கோத்து, இருவரையும் கடற்கரையில் நடக்கவிட்டது. அதைப் படித்த நம்மவர் பதறிப்போய்த் தங்கைக்கு போன் போட்டார்.

"தில்லை, பொண்ண கண்டிச்சு வையி. புக்குலயே வந்துடுச்சு!"

தில்லையம்மாள் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: பாட்டும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். அரையிறுதிக்கு மூன்றே நாள். கயல்விழி பஸ் ஏறி மாமன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, இது நீங்க கெளப்புனதுதான?"

"நான் கண்ணாலன்னுதான் எழுதுனேன் கயலு. இவன் பீச்சுன்னு போட்டிருக்கான் பாரு. விசாரிக்காமயா போடுவான்?"

தன் பொய் பவுடர் பூசிக்கொண்டு திரும்பி வந்தால், எழுந்து நின்று கும்பிடும் இனம் இது.

கயல்விழி குரலை இறக்கினாள்.

"நீங்கதான் எழுதுனீங்கன்னு அம்மாகிட்ட சொன்னேன் மாமா. நம்பல. ‘எங்கண்ணனுக்கு ஏதுடி அவ்ளோ மூளை? மெட்ராஸ்காரன் எழுதுனதப் பாத்து காப்பியடிச்சிருக்கும்’னுது."

"காப்பியா? நானா?"

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. கார்பன் பிரதிக் கட்டைப் புரட்டினார். தேதி பார்த்து ஒரு தாளை உருவினார். உறுதிமொழி மட்டும் மங்கலாக விழுந்திருந்தது. விடுவாரா? ‘சொந்தக் கற்பனை’ என்பதை எழுத்தெழுத்தாகப் பேனாவால் தடிப்பாக்கி, அடிக்கோடு கிழித்து, புதிதாக ஒரு கையெழுத்தும் போட்டார்.

மை காய்வதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை. கீபோர்டுக்காரர் என்று ஒருவர் இல்லவே இல்லை. அந்தப் போட்டியில் பாட்டுக்குப் பின்னால் ஓடியதெல்லாம் பதிவு செய்த இசை. "அப்படியானால் வேறு யாரோ" என்று உங்கள் மனசு ஒரு கணம் தேடியதா? எதற்கும் ஒரு கார்பன் தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"கொண்டுபோயி ஒங்கம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டு. மொதல்ல எழுதுனவன் யாருன்னு தெரியட்டும்!"

தட்சிணாமூர்த்தி தாளை ஊதி, நான்காக மடித்து, வெற்றிச் சிரிப்போடு கயல்விழியின் கையில் கொடுத்தார்.