சால்வையும் வால்வும்

ஒருவன் எவ்வளவு படித்தவன் என்பது அவனுடைய உடுப்பைக் கழற்றும்போதுதான் தெரியவரும். இதை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரவில்லை. டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில், ஃபியோர்ட் என்னும் கடற்கழியின் கரையில், ஒரு மர இறங்குதுறையில், சக மாணவர்களுக்கும் என் முழுக் குடும்பத்துக்கும் முன்னால் நானாகத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஹேர்னிங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான் கடலுயிரியல் படிக்கப் போனபோது, "தம்பி கடலுக்கை படிக்கிறான்" என்று அப்பா கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். (அதுவரை நான் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.)

அந்த வருடக் கோடையில் கடற்புல் எண்ணப் போகும் ஆய்வுக் குழுவில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. என் ஆய்வுக் கட்டுரையே அதை நம்பித்தான் இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: டிரைசூட் அணிந்து மூழ்கத் தெரியும் என்ற சான்றிதழ் வேண்டும்.

டிரைசூட் என்பது தண்ணீர் உள்ளே வராத உடுப்பு. கழுத்தையும் மணிக்கட்டையும் ரப்பர் இறுகப் பிடித்திருக்கும். நெஞ்சில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தினால் முதுகில் உள்ள சிலிண்டரிலிருந்து காற்று உடுப்புக்குள் வரும். இடது மேற்கையில் ஒரு வால்வு. கையை உயர்த்தினால் அதன் வழியே காற்று வெளியே போகும். ஆழம் போகப் போக உடுப்பு உடம்பை நெரிக்கும், அப்போது காற்றை உள்ளே விட வேண்டும். மேலே வரவர அதே காற்று விரியும், அப்போது வெளியேற்ற வேண்டும். வெளியேற்றினால் நீங்கள் மீன். இல்லாவிட்டால் பலூன்.

எங்கள் பயிற்சியாளர் கிர்ஸ்டன் ஒரு விடயத்தை மூன்று தரம் சொன்னார். தான் தரும் உள்ளுடுப்பைத் தவிர உள்ளே வேறொன்றும் போடக்கூடாது. துணி திரண்டு வால்வின் வாயை அடைத்துவிடும். எழுத்துப் பரீட்சையிலும் இந்தக் கேள்வி வந்தது. நான் அரைப் பக்கம் எழுதினேன், படமும் கீறினேன். முழுப் புள்ளி.

கடைசி மூழ்கல் ஓர் ஏப்ரல் சனிக்கிழமை. அதைப் பார்க்க அப்பா, அம்மா, தங்கச்சி அபி மூவரும் வீட்டில் பொரித்த ஒரு பெட்டி ரோல்ஸும் பெரிய ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டு ஹேர்னிங்கிலிருந்து காரில் வந்திறங்கினார்கள். மற்ற மாணவர்களுடைய வீட்டார் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கு அது ஒரு சனிக்கிழமை, எங்களுக்கு அது பட்டமளிப்பு விழா.

"தண்ணி எவ்வளவு குளிர் தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"ஏழு பாகை" என்றேன். அந்த உண்மையைச் சொல்லியிருக்கக்கூடாது.

"ஏழெண்டால் ஃபிரிட்ஜ் எல்லே? வா காருக்கை."

காரின் பின்சீற்றில் நான் சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மாவின் உள்ளங்கையில் தைலம் வந்துவிட்டது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. நெஞ்சு, முதுகு, தொண்டை எல்லாம் பூசினார். பிறகு தன்னுடைய கம்பளிச் சால்வையை என் நெஞ்சில் குறுக்காகச் சுற்றி, இடது தோளில் முடிந்து, முடிச்சு அவிழாமல் ஒரு சட்டை ஊசியும் குத்தினார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "கெதியா கட்டுங்கோ அம்மா, ஆக்கள் பாக்கினம்."

அதற்குமேல் கிர்ஸ்டன் தந்த உள்ளுடுப்பு. அதற்குமேல் டிரைசூட்.

துறையில் கிர்ஸ்டன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். "உள்ளே வேறு ஏதும் போட்டிருக்கிறாயா?"

எனக்கு முன்னால் நின்றவன் தாடி வைத்த, ஆறடிக்கு மேலான மனிதன். அவனுக்குப் பக்கத்தில் நின்று, "ஓம், அம்மா சால்வை கட்டிவிட்டா" என்று எப்படிச் சொல்வது?

"இல்லை" என்றேன்.

ஆறு மீற்றர் ஆழம். உடுப்பு நெரித்தது, பொத்தானை அமத்தினேன். இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அமத்தினேன். உடம்பு மெல்லக் கிளம்பத் தொடங்கியது. பதற்றமில்லாமல் இடது கையை உயர்த்தினேன். ஒரு குமிழிகூடப் போகவில்லை. கூடவே மூழ்கியிருந்த கிர்ஸ்டன் என் கையைச் சுட்டிக்காட்டினார். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப்போல இன்னும் உயர்த்தினேன். அப்படியும் ஒன்றும் இல்லை. மேலே போகாமலிருக்கக் குனிந்து கடற்புல்லைப் பிடித்தேன். (குனியக்கூடாது என்றும் பரீட்சையில் எழுதியிருந்தேன்.) உடுப்பில் இருந்த காற்றெல்லாம் கால்களுக்கு ஓடியது. புல் கையோடு வந்தது, நான் தலைகீழாக மேலே கிளம்பினேன். கிர்ஸ்டன் பாய்ந்து என் தோளைப் பிடித்து, நுரையீரல் கிழிந்துவிடாமல் வேகத்தைக் குறைத்தபடி கூடவே வந்தார். அவர் பிடித்திராவிட்டால் இதை நகைச்சுவையாக எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது.

தண்ணீருக்கு மேலே நடந்ததை அபி எடுத்த வீடியோவில் பார்த்துத்தான் அறிந்தேன். தண்ணீர் கலங்குகிறது. இரண்டு கால்கள் நேராக எழுந்து நிற்கின்றன. அப்பாவின் குரல் கேட்கிறது: "கால் வந்திட்டுது. தலை எங்கை?"

அதற்குப் பிறகு வீடியோவில் அம்மா ஓடுவது மட்டும்தான் தெரியும்.

என்னைத் துறையில் ஏற்றி இருத்தினார்கள். தலை சுற்றுகிறதா, நெஞ்சு நோகிறதா என்று கிர்ஸ்டன் விசாரித்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்தபின், "என்ன நடந்தது?" என்றார்.

முழுப் புள்ளி எடுத்தவன் வாயைத் திறந்தான். "வால்வு பழுது" என்றேன், நல்ல தொழில்நுட்ப டேனிஷில், ஸ்பிரிங் இறுகியிருக்கலாம் என்ற விளக்கத்தோடு.

கிர்ஸ்டன் அதை மதித்து, வால்வைச் சோதிப்பதற்காக உடுப்பின் ஸிப்பை இழுத்தார். முதலில் வெளியே வந்தது தைல மணம். நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு உள்ளுடுப்புக்குள் கையைவிட்டு, மெரூன் நிறச் சால்வையை இழுத்தார். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. தோளில் புடைத்த முடிச்சு, உள்ளுடுப்பைத் தள்ளிப்போய் வால்வின் வாயை அடைத்திருந்தது. கடைசியாக அந்த ஊசி. காற்றடித்த உடுப்புக்குள் இருந்த ஊசியைக் கிர்ஸ்டன் இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் வெட்கக்கேடு. நான் அதோடு நிறுத்தவில்லை.

"அம்மாதான் வற்புறுத்திக் கட்டிவிட்டா" என்றேன் டேனிஷில். "அவவுக்கு இதெல்லாம் விளங்காது."

அம்மா இரண்டடி தள்ளி, துவாயோடு நின்றார். பத்து வயதில் டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அம்மாவுக்காக நான்தான் கதைப்பேன். அவருக்கு டேனிஷ் விளங்காது என்பது அப்போது என் தலையில் பதிந்தது. அதற்குப் பிறகு அவர் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் டேனிஷ் முதியவர்களைக் குளிப்பாட்டி, அவர்களுடைய கதையெல்லாம் கேட்டு வந்ததை நான் கணக்கில் எடுக்கவேயில்லை.

அம்மா முன்னால் வந்து, அந்த முதியவர்களுடைய யூட்லாந்து வட்டார இழுவையோடு, டேனிஷில், கிர்ஸ்டனிடம் நிதானமாகச் சொன்னார்: "பிழை என்னுடையது. குளிரும் என்று நான்தான் கட்டினேன். தயவுசெய்து இவனை விலக்கிவிடாதீர்கள்."

"நான் உங்களிடம் கேட்கவில்லை" என்றார் கிர்ஸ்டன், அம்மாவிடம் மென்மையாக. "இவனிடம்தான் கேட்டேன். இல்லை என்றான்."

ஊசியை அம்மாவின் கையில் கொடுத்தார். சான்றிதழ் எனக்குக் கொடுக்கவில்லை.

காருக்குள் எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டோம்.  மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு பாஷை இருந்தது, ஒன்றிலும் வாய் வரவில்லை. கடைசியில் அம்மாதான் கேட்டார்.

"நெஞ்சு குளிரேல்லைத்தானே?"

"இல்லை அம்மா."

"அப்ப சரி."

அந்தக் கோடை முழுவதும் நான் படகில் இருந்து, மற்றவர்கள் எண்ணிச் சொன்ன புல்லை எழுதினேன். என் கட்டுரை ஒரு வருடம் பிந்தியது. "தம்பிக்கு இப்ப மேற்பார்வை வேலை" என்று அப்பா கோயிலில் சொல்லிச் சமாளித்தார். வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அபி உடனே கிர்ஸ்டனின் குரலில், டேனிஷில் கேட்பாள்: "உள்ளே வேறு ஏதும் போட்டிருக்கிறாயா?" இப்போது அப்பாவும் கேட்கிறார். அவருடைய வேலையிடத்து நண்பர்கள்கூடக் கேட்கிறார்கள். எங்கு போனாலும் அம்மா தன் கதையைத் தானே கதைக்கிறார். நான் வாயெடுத்தால், "நீ இரு, எனக்கு விளங்கும்" என்கிறார். அதைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள், நான் நிலத்தைப் பார்ப்பேன்.

அடுத்த ஏப்ரலில் திரும்ப மூழ்கப் போனேன். அம்மா வரவில்லை. துறையில் நான் உடுப்பு மாற்றும்போது வீட்டிலிருந்து ஃபோன் எடுத்தார்.

"உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறாய்?"

"கிர்ஸ்டன் தந்தது மட்டும்தான்."

"உண்மையாவோ?"

"உண்மையா அம்மா."



"அப்ப குளிருமே" என்றார்.

"ஓம் அம்மா" என்றேன். "நல்லாக் குளிருது."