கிட்டார் கழுத்தைத் தேய்த்தது பற்றி

கொண்டேலே, கிசுமு.

மொம்பாசாவில் இருக்கும் அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி ஒடெராவின் மனைவி அகேயோ வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளையும் நலம். ஏரியும் நலம், ஒமேனா மீன் மலிவு. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும், கை ஒழியவில்லை. எதில் ஒழியவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் தம்பி உங்கள் ஊர்க் கடற்கரை ஓட்டலில் வாசிக்கப் புறப்பட்டபோது, அங்கேயே வாத்தியம் தருகிறார்கள் என்று தன் மின்சாரக் கிட்டாரை இங்கேயே விட்டுப் போனார் அல்லவா? அதன் கழுத்தோடு அவருக்கு எப்போதும் சண்டை. பின்பக்கம் கண்ணாடி மாதிரி வார்னிஷ். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்த்த கை அதில் ஒட்டிக்கொள்ளும். "பாட்டு ஓடுது, கை ஓட மாட்டேங்குதுடி, பிசின்ல வாசிக்கிற மாதிரி இருக்கு" என்பார். அந்த மினுக்கத்தை எடுத்துப் பட்டுப்போல் ஆக்கி வைத்தால், வந்து தொட்டுப் பார்த்தவருக்கு மறுபடி போக மனம் வராது, இங்கேயே ஒரு குழுவில் சேர்ந்துவிடுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. கல்லூரியில் வேதியியல் படித்தவள், ஒரு வார்னிஷ் என்னை என்ன செய்துவிடும்?

நரம்புகளைக் கழற்றி, விரல் பதிக்கும் பலகையை ஒட்டுநாடாவால் மூடி, பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நாரால் கழுத்தை நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். எல்லாவற்றையும் மூடியவள், நரம்போசையைப் பிடிக்கும் காந்தங்களை மூட மறந்துவிட்டேன். பறந்த இரும்புத்தூள் முழுவதும் அங்கே போய் ஒட்டி, கிட்டாருக்குத் தாடி முளைத்துவிட்டது. ஒட்டுநாடாவால் ஒற்றி ஒற்றி அதற்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே பிள்ளை வீறிட்டான்.

உங்கள் பெரியம்மா ஓடி வந்தார். "பால் குடுத்தாச்சு, குளிப்பாட்டியாச்சு, இன்னும் அழுறான்னா பேரு கேக்குறான்டி!" என்று அவனைத் தூக்கிக்கொண்டு, குடும்பத்தில் செத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். எந்தப் பெயருக்கு அழுகை நிற்கிறதோ அவர் வந்திருக்கிறார், அதுதான் பெயர், உங்களுக்குத் தெரியாததா? உங்கள் அப்பா பெயருக்கு நிற்கவில்லை. போதகராக இருந்த சித்தப்பாவுக்கும் நிற்கவில்லை. எனக்கோ கை பரபரத்தது, நாரை எடுத்து மறுபடி தேய்த்தேன். சரக் சரக்கென்ற சத்தம் கேட்டதும் பிள்ளை சட்டென்று வாயை மூடினான். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வாயில் இருந்த பெயர் ஒயூகி.

ஆமாம் அண்ணி, அதே ஒயூகி. எல்லை தாண்டித் தாங்கா ஊருக்கு வாசிக்கப் போய், அங்கேயே ஒருத்தியோடு தங்கி, கடைசியில் செத்த சேதி மட்டும் வீடு வந்து சேர்ந்த உங்கள் சின்னத் தாத்தா.

"பெரியம்மா, அவன் பேருக்கு நிறுத்தல, இந்தச் சத்தத்துக்கு நிறுத்தினான்."

"படிச்ச கழுத, பேசாம இரு! மாமனாரு வந்துட்டாரு, சிரிக்கிறாரு பாரு!"

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் குலவை இட்டுவிட்டார்கள். "எந்த ஊருக்கு ஓடப் போற, மாப்ள?" என்று அவன் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். நான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

சோதித்தும் பார்த்துவிட்டேன். தேய்த்தால் தூங்குகிறான், நிறுத்தினால் அழுகிறான். அதனால் பட்டுப்போல் ஆன பிறகும் தேய்த்தேன், பட்டும் போய் ஓரிடத்தில் வெறும் மரம் தெரியும்வரை தேய்த்தேன். பிள்ளைக்குப் பூசும் எண்ணெயைத் தடவி மறைத்திருக்கிறேன். அது உங்கள் தம்பியின் கட்டைவிரல் நிற்கும் இடம். நேற்று என் விரலை அங்கே வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன வழுவழுப்பு, வழுக்கிக்கொண்டு போகிறது, ஒட்டவே இல்லை. ஒட்டாததுதானே வேண்டும் என்று தேய்த்தேன், இப்போது அதுவே பயமாக இருக்கிறது.

ஆகவே அண்ணி, பெயரையோ கிட்டாரையோ பற்றி உங்கள் தம்பியிடம் மூச்சு விட வேண்டாம். பிள்ளை அப்பா ஜாடை, மூக்கு மட்டும் என்னுடையது, நாங்கள் தைரியமாக இருக்கிறோம், ஓட்டல் ஒப்பந்தம் முடிந்து நிதானமாகவே வரட்டும் என்று சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுகிறாரா? உங்கள் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வீட்டில் களியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

அன்புடன்,
அகேயோ

பி.கு.: மேலே எழுதியதைத் தூக்கிப் போடுங்கள், அண்ணி. கிட்டாரின் கழுத்து முறிந்து இரண்டாகக் கிடக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த சேதிக்குக் கிடைக்காத லீவு இதற்குக் கிடைத்துவிடும். அடுத்த பஸ்ஸிலேயே வந்து நிற்பார். முழுசாக இருப்பதைப் பார்த்ததும் கத்துவார். கத்தட்டும். இங்கே நின்று கத்தட்டும்.