பாலிக் பூலாவ் மேடு ஏறிய விவரம்

சூலியா தெரு, பினாங்கு.
20 ஆகஸ்டு 1934, திங்கட்கிழமை, மாலை மணி 4.20.

கடித எண் 7/1934
பொருள்: தங்கள் தங்கை சுலைஹா அமர்ந்திருக்க, எவர் கையும் படாமல் என் மோட்டார் சைக்கிள் மேடேறியது, ஆகவே மாப்பிள்ளையை அழைத்து வரும் உரிமை எனக்கே என்பது.

கண்ணியத்துக்குரிய மச்சான் அப்துல் காதர் அவர்களுக்கு, ஷேக் அலாவுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் இங்கே நானும் சுலைஹாவும் வண்டியும் சுகம். அங்கே தாங்களும், தங்கள் மகள் மணப்பெண் ரொஸ்னாவும், ஜாதிக்காய் வியாபாரமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

சென்ற ஜூலை 8 ஞாயிறன்று நடந்ததைத் தாங்கள் மறந்திருக்கலாம்; நான் மறக்கவில்லை. அன்று காலை தங்கள் வீட்டுக்கு வரும் வழியில், பாலிக் பூலாவ் மேட்டின் பாதியில் வண்டி இருமி நின்றது. சுலைஹா வண்டியின் பக்கத்தில் பூட்டிய சைட்காரிலிருந்து இறங்கி நடந்தாள். உச்சியில் காப்பிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீது இறங்கி வந்து தள்ளினார். தங்கள் வீட்டில், சம்பந்திகள் பதினொரு பேர் முன்னிலையில், செப்டம்பர் 2 அன்று மாப்பிள்ளை பஷீரை என் சைட்காரில் அழைத்து வருகிறேன் என்று சொன்னபோது தாங்கள் சொன்ன சொல் இது: “மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொன்னா, மாப்பிள்ளைய எறக்கித் தள்ளச் சொல்வீங்க போலிருக்கே மச்சான்! வாடகை மோட்டார் காரே போதும்லா. உங்க வண்டியில கரி அடைச்சிருக்கு, சுரண்டுங்க, சரியாப் போயிடும். என் தங்கச்சிய உக்கார வச்சு அந்த மேட்ட ஏறிட்டா, வண்டிக்கு நானே மாலை போடுறேன்.” பதினொரு பேரும் சிரித்தார்கள். பன்னிரண்டாவதாகச் சுலைஹாவும் சிரித்தாள்.

துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கரி எது, கோளாறு எது என்று தெரியாதா? குறை கேம் தண்டில்தான் என்று நான் முடிவு செய்தேன். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் சிறு இரும்புத் தண்டு அது. அதன் மேடுகள் உயரமாக இருந்தால் வால்வு அகலத் திறக்கும், எஞ்சின் ஆழ மூச்சு வாங்கும், வண்டி பாயும். பந்தய வண்டிக்குப் பூட்டும் ரகத்தில் ஒன்றைச் சிங்கப்பூருக்கு எழுதி வரவழைத்தேன். ஆகஸ்டு 8 அன்று வந்து சேர்ந்தது. 14ஆம் தேதி மெக்கானிக் பிச்சைமுத்து எஞ்சினைப் பிரித்தார். கழற்றிய பழைய தண்டைத் தங்களுக்கு அனுப்பி வைக்கும் எண்ணத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய், பெட்டி திறக்காத புதியதோடு சேர்த்துச் சுலைஹாவிடம் ஒப்படைத்தேன். 16ஆம் தேதி காலை அவள் கொடுத்த கூடையில் இரண்டும் இருந்தன: ஒன்று கண்ணாடிபோல் மின்னியது, மற்றது கறுத்த கிரீஸ் அப்பிக் கிடந்தது. மின்னியதை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். பிச்சைமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, இதுல ஓடின தடம் தெரியுதே?”

“சிங்கப்பூரில் ஓட்டிப் பார்த்து அனுப்பியிருப்பார்கள். பூட்டுமய்யா.”

“உங்க வண்டி, உங்க இஷ்டம். எஞ்சினத் தொறந்ததுதான் தொறந்தோம், உள்ள கரி கட்டியிருக்கு, அதையும் சுரண்டி விட்டுடுறேன்.”

சுரண்டட்டும் என்று விட்டுவிட்டேன். சுரண்டியது மொத்தமும் ஒரு தீப்பெட்டிதான் நிறைந்தது. தாங்கள் பெரிதாகச் சொன்ன கரியின் அளவைத் தாங்களே காண வேண்டுமென்று அதையும் பத்திரப்படுத்தினேன்.

நேற்று, 19ஆம் தேதி ஞாயிறு, காலை மணி 8.12க்கு அடிவாரத்தில் பிஸ்மில்லா சொல்லிப் புறப்பட்டேன். சைட்காரில் சுலைஹா, அவள் மடியில், மாப்பிள்ளையின் எடைக்கு ஈடாக இருக்கட்டுமென்று நான் ஏற்றிய அரை மூட்டை அரிசி. மச்சான், என்னவென்று சொல்வேன்! சென்ற முறை இருமிய இடத்தில் வண்டி உறுமியது, இரண்டாம் வளைவில் ஒரு மாட்டு வண்டியை முந்தினேன், மூன்றாம் வளைவில் என் தொப்பி பறந்தது, அதற்காக நான் நிற்கவில்லை, சுலைஹா “மெதுவாப் போங்க, அரிசி கொட்டுது!” என்று அலறினாள், அந்த அலறல் என் காதுக்குக் கொட்டு மேளமாக இருந்தது. 8.17க்கு உச்சி. கயிறும் கையுமாகக் காத்திருந்த அப்துல் ஹமீது, “என்ன பாய், இன்னிக்கித் தள்ள வேணாமா?” என்று ஏமாற்றத்தோடு கேட்டார். “தள்ளும் காலம் முடிந்தது, காப்பி போடும்” என்றேன். அவரிடமே சான்றும் எழுதி வாங்கினேன்.

ஆகவே மச்சான், வாடகை மோட்டாரை இன்றே நிறுத்திவிடவும். செப்டம்பர் 2, காலை மணி 9.30க்கு மாப்பிள்ளையோடு வாசலில் நிற்பேன். மாலை மல்லிகையாக இருக்கட்டும். பதினொரு சம்பந்திகளும் வரிசையில் நிற்க, வெற்றி கரியாலா கேம் தண்டாலா என்று தாங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். மணமக்கள் நீடூழி வாழ என் துஆ. தங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் எங்கள் சலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ஷேக் அலாவுதீன்

பின்குறிப்பு, மாலை மணி 5.35: கிரீஸ் அப்பிய தண்டைப் பொட்டலம் கட்டச் சொன்னபோது சுலைஹா அதைத் துணியால் துடைத்தாள். உள்ளே, புதுத் தண்டுக்கு வந்த சிங்கப்பூர்ச் சீட்டில் கண்ட அதே எண் பொறித்திருக்கிறது; கிரீஸ், துருப்பிடிக்காமலிருக்க அங்கே பூசி அனுப்பியது. விசாரித்தேன். “எங்க அண்ணன் வீட்டுக்குப் போற சாமான் அழுக்காவா போறது? அதான் பழசச் சாம்பல் போட்டுத் தேச்சு வச்சேன். புதுசு வந்த பெட்டி நல்லா இருந்துச்சு, கிராம்பு போட எடுத்துக்கிட்டேன்” என்கிறாள். தேய்த்ததை என்னிடம் சொல்லவில்லையே என்றதற்கு, “நீங்க கேக்கலியே” என்கிறாள். மச்சான், தங்கள் நிபந்தனை மேடேறுவது மட்டுமே. எதனால் ஏறியது என்பது அதில் இல்லை. மாலை போடவும். உரக்கச் சொல்லும் பகுதியை மட்டும் விட்டுவிடவும்.

இணைப்பு:
1. அப்துல் ஹமீது கையொப்பமிட்ட நேரச் சான்று, ஒன்று.
2. கரி, தீப்பெட்டி நிறைய. மரியாதையுடன்.
3. பழைய கேம் தண்டு: அனுப்ப இயலவில்லை. வேலையில் இருக்கிறது.