நேரம் போஸ்டரில் வரும்

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. மனித நாகரிகத்தையே பொன்னெழுத்தில் பொறித்த ஒரு சாதனையைச் சொல்கிறேன். பொன்னெழுத்து என்று சும்மா சொல்லவில்லை. அது எந்தப் பொன் என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது.

எங்கள் பள்ளிவாசலில் யாராவது மௌத்தானால், மோதினார் மைக்கைத் தட்டி, பெயரையும் அடக்க நேரத்தையும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அரை நிமிஷம். இந்த அநாகரிகத்தை ஒழிக்கவே 'காட்சி ஊடகத் துணைக்குழு' பிறந்தது. பள்ளிக்கூடம் போகாமலே எழுதக் கற்ற மேதை என்பதால் நான் ஆலோசகர். "போஸ்டர் வெளியாகும் முன் எவரும் நேரத்தை வெளியிடலாகாது" என்ற தீர்மானம் என்னுடையது. அந்த 'லாகாது'வில் எனக்குத் தனிக் கர்வம்.

முதல் போஸ்டருக்கு வாய்த்தவள் என் பக்கத்து வீட்டுத் தையல்காரி. காலையில் போய்விட்டாள். ஒரே சொந்தம், லாரி ஓட்டும் தம்பி. அவளைக் கபர்க்குழியில் இறக்கவேண்டிய கை அவனுடையது. இரண்டு மணி நேரத் தொலைவில் லோடோடு நின்றான்.

மாடியறையில் குழு கூடியது.

"குவிமாடம் போடலாம்," என்றார் செயலாளர்.

"நம்ம பள்ளிக்கு ஏது மாமா குவிமாடம்? தண்ணி டேங்க்தான் இருக்கு," என்றாள் வடிவமைப்பாளரான என் மருமகள்.

"ரோஜா?"

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்."

மோதினார் கைபேசியோடு படியேறி என்னிடம் வந்தார். "தம்பி கூப்பிடுறாரு. அடக்கம் மதியம் லுஹர் தொழுகைக்கா, அடுத்த அஸர் தொழுகைக்கான்னு கேக்குறாரு. லுஹர்னா லோடை அப்படியே விட்டுட்டுக் கிளம்புவாராம். சொல்லிடவா அக்கா?"

"நேரம் போஸ்டர்ல வரும்னு சொல்லுங்க," என்றேன்.

மறுபடியும் வந்தார். "அக்கா, லுஹர்தானே? ஒரே வார்த்தைதானே?"

"தீர்மானம் தீர்மானம்தான்," என்றேன். 'இம்மையின் பயணத்தை இனிதே நிறைவு செய்தார்கள்' என்ற வரியில் 'இனிதே' தேவையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை அவர் வரவில்லை. பாங்கு சொல்லப் போய்விட்டார். ஆண்கள் இறங்கிப்போய்த் தொழுதார்கள், அவளை அடக்கினார்கள், கைகால் கழுவிக்கொண்டு மேலே வந்து, விட்ட எழுத்துருவிலிருந்து தொடர்ந்தார்கள்.

"அடக்கம்தான் முடிஞ்சிருச்சே மாமா," என்றாள் மருமகள்.

"அதுக்காகத் தரத்தை விட முடியுமாம்மா?" என்றார் செயலாளர்.

அஸர் நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போஸ்டர் வெளியானது: 'லுஹருக்குப் பின் நல்லடக்கம்.' இருநூறு இதயங்கள் பறந்தன. "மாஷா அல்லாஹ், செம டிசைன்!"

சாயங்காலம் தம்பி வந்து பள்ளி வாசலில் நின்றான். கைபேசியில் போஸ்டரை விரலால் பெரிதாக்கினான்.

"அழகா இருக்கு மாமி. அக்கா பேரை இவ்வளவு அழகா நான் பார்த்ததே இல்ல." இன்னும் பெரிதாக்கினான். "நேரத்தை நல்லாத் தெளிவாப் போட்டிருக்கீங்க."

நான் போட்டிருந்த ரவிக்கை அவன் அக்கா தைத்தது.

உங்கள் வீடுகளுக்கு வரும் சேதியெல்லாம் நல்ல சேதியாகவே இருக்கட்டும், செல்லங்களா. கெட்டது வந்துதான் ஆகவேண்டுமென்றால், அலங்காரமில்லாமல், வழியனுப்பப் போய்ச் சேரும் நேரத்தில் வரட்டும். உங்கள் தெருவுக்கு ஒரு நல்ல மோதினார் வாய்க்கட்டும். அவர் வாயைப் பொத்த என்னைப் போல் ஓர் ஆலோசகர் வாய்க்காமல் அல்லாஹ் காக்கட்டும்.