பாண்டியின் மேல் ஒரு மனு

எனக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு மூலம், எனக்கு இது. இருபத்திரண்டு வயதில் நன்றாக முற்றிய நிலையில் இருந்தது.

அறுபதுகளின் நடுவில் பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் பன்னிரண்டு குடித்தனம். எல்லா வீட்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய ஒருவராவது இருப்பார். நான் ஷார்ட்ஹாண்டும் முடித்து, ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிக ஸ்டெனோவாகச் சேர்ந்திருந்தேன். (தற்காலிகம் என்றால், ஒரு புகார் வந்தால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அர்த்தம்.) குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், சாக்கடை அடைத்துக்கொண்டாலும், முனிசிபாலிட்டிக்கு மனு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதுவரை ஏழு மனு எழுதியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை, சாக்கடையும் அப்படியே இருந்தது. ஆனால் இங்கிலீஷ் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த நிலையில்தான் தரைத்தளத்தின் பின்பக்க அறைக்கு மாடசாமி அண்ணாச்சி குடிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தாராவியில் ஒரு தோல் கிடங்கில், வருகிற தோல்களைத் தடவிப் பார்த்து நல்லது, கெட்டது என்று தரம் பிரிக்கிற வேலை. கட்டடத்தின் சொந்தக்காரரான சேட்டுக்கு அந்தக் கிடங்கில் பங்கு இருந்ததால் அறை கிடைத்தது. குடும்பம் ஊரில். கூட இருந்தது ஒரு நாய் மட்டும்.

அந்த நாய் அசல் அல்சேஷன். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், தங்கள் பெட்டிகளுக்கெல்லாம் வார் தைத்துக் கொடுத்த அண்ணாச்சியிடம் அதை விட்டுவிட்டுப் போயிருந்தது. அவர்கள் வைத்த பெயர் அண்ணாச்சியின் வாயில் நுழையவில்லை. பாண்டி என்று கூப்பிட்டார். நாய் தகராறு செய்யாமல் பாண்டியாகிவிட்டது.

கட்டடம்தான் தகராறு செய்தது. அல்சேஷன் என்றால் ஓநாய்க்குப் பிறந்தது. ஒரு தடவை ரத்தத்தை ருசி பார்த்துவிட்டால் வளர்த்தவனையே குதறிவிடும். பல் பதிந்தால் தாடை பூட்டிக்கொள்ளும், அப்புறம் கடப்பாரை வைத்து நெம்பினால்தான் திறக்கும். இதெல்லாம் ஆயுசில் ஒரு நாயையும் தொட்டுப் பார்க்காத இரண்டாம் மாடி கோபாலன் மாமா சொன்ன விவரங்கள். நான் இவற்றையெல்லாம் நம்பினேன். மாமா பென்ஷன் வாங்குகிறவர், தினமும் இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்.

பாண்டி செய்ததெல்லாம், பின்வாசலில் மோவாயைத் தரையில் வைத்துப் படுத்திருப்பது. யாராவது வந்தால் எழுந்து நின்று வழி விடும். அப்படி எழுந்து நிற்பதுதான் ஆபத்தாகிவிட்டது. எழுந்தால் இடுப்பு உயரம்.

இதே கட்டடத்தில் டிங்கு என்று இன்னொரு நாயும் இருந்தது. மூன்றாம் மாடி விசாலம் மாமியின் பொமரேனியன். டிங்கு அதுவரை பால்காரரையும், வண்ணாரையும், ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டையும் தலா ஒரு முறையும், என்னை இரண்டு முறையும் கடித்திருந்தது. மாமி அதைக் கொஞ்சல் என்பார். கணுக்காலில் ரத்தம் வழிய நானும் "பரவாயில்லை மாமி, குழந்தைதானே" என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளையாக, குட்டையாக, நெய் சாதம் சாப்பிடுகிற நாய் கடித்தால் எங்கள் கட்டடத்தில் அது கடி ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தோல் வேலை செய்கிறவர் கீழே குடியிருப்பது மாடியில் பலருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எங்கள் மாடிப்படியில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இருந்தும் உறுத்தியது. அதை மனுவாக எழுத முடியாது. நாயைப் பற்றி எழுதலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமி பின்வாசலில் பூ வாங்கக் கீழே இறங்கினார். பாண்டி மரியாதையாக எழுந்து நின்றது. மாமி வீலென்று கத்தித் திரும்பினதில் கடைசிப் படியில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டார். காப்பாற்ற ஓடிவந்த கோபாலன் மாமாவின் வேஷ்டி வாசல் கேட்டின் தாழ்ப்பாளில் மாட்டி முழ நீளம் கிழிந்தது. பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலமே மாமி வீட்டு ஹாலில் கூட்டம். எனக்குக் காபி இரண்டாம் முறையும் கொடுத்தார்கள், அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மனு எழுத உட்கார்ந்தேன். ஒரு கடிக்கு எந்த ஃபைலும் நகராது, குறைந்தது மூன்று வேண்டும் என்று ஆபீஸ் ஞானத்தை எடுத்துவிட்டேன். முழங்கால் சிராய்ப்பு ஒன்று. வேஷ்டி இரண்டு. மூன்றாவதற்கு யார் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாக்கியம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மனமில்லை. என் பெயரையே போட்டுவிட்டேன். (வலது கணுக்காலில் டிங்கு போன வியாழக்கிழமை கொஞ்சிய இடம் இன்னும் ஆறவில்லை. அந்தத் தைரியம்.)

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். மனுவின் கீழே, நகல் யார் யாருக்கு என்று போடும் இடத்தில் ஐந்து பேரைப் போட்டேன். எங்கள் ஆட்களின் வீரமே நகல் அனுப்புவதில்தான். ஐந்தாவதாக, என் சொந்த ஆபீசின் மேலதிகாரி. அவருக்கும் எங்கள் கட்டடத்து நாய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் இங்கிலீஷை அவர் ஒருமுறை ரசிக்கட்டும் என்றுதான்.

அம்மா மட்டும் அன்று, "உன்னை எப்போடா கடிச்சுது?" என்று கேட்டாள். ஒரு பேச்சுக்கு அப்படி எழுதுவது வழக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏழு மனுவுக்கு அசையாதவர்கள் எட்டாவதற்கு நாலே நாளில் வந்துவிட்டார்கள். நாய் வண்டி வாசலில் நின்றது. இன்ஸ்பெக்டர் ஒரு மராத்திக்காரர், கையில் என் மனு. வண்டியாட்கள் கயிற்றை எடுத்தார்கள். அண்ணாச்சி வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, "ஏறுல பாண்டி" என்றார். பாண்டி தானே ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் இன்ஸ்பெக்டர் விசாரணையை ஆரம்பித்தார். மாமி தனக்கு வெறும் சிராய்ப்புதான் என்றார். கோபாலன் மாமா, தான் முதலிலிருந்தே வேஷ்டியைப் பற்றி மட்டுமே பேசி வருவதாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். மூன்றாவது ஆளையும் கடிக்கவில்லை என்றால் நாயை இங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறேன் என்று ஹிந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு, "காட்டா க்யா? நஹீ காட்டா?" என்று கேட்டார்: கடித்ததா, இல்லையா?

கடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வினாடி போதும். பாண்டி இறங்கியிருக்கும். ஆனால் பொய்ப் புகார் என்று ஆகிவிட்டால், அதன் நகல் மேலதிகாரியின் மேஜையில் இருக்கிறது. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேண்ட்டைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினேன்.

வண்டி போயிற்று. இன்ஸ்பெக்டர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கடிபட்டவர் தினம் ஒன்றாக, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாயைப் பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்ப்பார்கள், அதற்கு ஒன்றும் இல்லை என்றால் பாக்கி ஊசி வேண்டாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழே இறங்கினால் அண்ணாச்சி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறாராம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"எம் பய செஞ்ச காரியத்துக்கு நான் வரண்டாமா தம்பி?" என்றார்.

பரேல் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனோம். அந்த ஊசியின் நீளத்தைப் பற்றி நான் சொல்கிற அளவை என் மனைவி நம்புவதில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். வயிறு பூரி மாதிரி உப்பிக்கொண்டது. வெளியே வந்தால் அண்ணாச்சி உரித்த ஆரஞ்சுப் பழத்தோடு நிற்பார். என்னை பஸ் ஏற்றிவிட்டுக் கூண்டுக்குப் போவார், அங்கிருந்து வேலைக்கு. பாண்டி சாப்பிடவில்லை என்று மறுநாள் சொல்வார். அடுத்த நாளும் அதையே சொல்வார். தண்ணீர் மட்டும் குடித்ததாம், அவர் கையால் கொடுத்தபோது.

ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புவேன். பஸ்ஸில் சொல்லலாம் என்று ஆஸ்பத்திரி வரும். க்யூவில் சொல்லலாம் என்று என் முறை வரும். மனதுக்குள் எழுதி எழுதித் திருத்தினேன், எல்லாம் ஆங்கிலத்திலேயே வந்தது. நகல் போடும் இடம் வரை எழுதிவிட்டேன், வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. போதாக்குறைக்கு நொண்டி நொண்டி நடந்தேன். எந்தக் கால் என்பது நடுநடுவே மறந்துபோகும். அதையும் ஊசியின் மேல் போட்டேன்.

எட்டாம் நாள் அண்ணாச்சி அதே இடத்தில், அதே சட்டையில் நின்றார்.

"பாண்டி போயிட்டான் தம்பி" என்றார். "வாங்க, பஸ் வந்துரும்."

அன்றைக்கும் வந்தார். டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கூண்டில் நாய் செத்துவிட்டதால் வெறியாகவும் இருக்கலாம், இனி ஒரு ஊசியையும் விட முடியாது என்றார். அது பட்டினியில் செத்தது என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தேன். பாக்கி ஆறு நாளும் அண்ணாச்சி வந்தார். ஆரஞ்சுப் பழமும் வந்தது.

பதினான்காம் நாள், எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். காலை ஒரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன். குனிந்து, கட்டைவிரலால் அந்தத் தழும்பை மெதுவாகத் தடவிப் பார்த்தார். அவர் கிடங்கில் எப்படி வேலை செய்வார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"தோலப் பாத்துப் பிரிக்கதுதான் எஞ் சோலி. எது முள்ளு கீறுனது, எது உண்ணி, எது நாய்க்கடின்னு கையிலயே தெரியும். இது சின்னப் பல்லு தம்பி. எம் பயலுக்குப் பல்லு பெருசு."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"வண்டிகிட்ட நின்னு பேண்ட்டத் தூக்குனியல்லா, அப்பவே."

ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அதையும் அவரிடம்தான் கேட்டேன், வெட்கமில்லாமல்.

"நான் சொன்னா அங்க யாரு கேப்பா? நீங்க சொல்லுவிய, சொல்லுவியன்னுதான் தெனமும் கூட வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என் பேண்ட்டை அவரே கீழே இறக்கிவிட்டு எழுந்தார். பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பக்கம் போய் நின்றார். அந்த மாதமே தாராவிக்கே அறை மாற்றிக்கொண்டு போய்விட்டார். கட்டடத்துக்கு இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்று விசாலம் மாமி சொன்னார். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. மேலதிகாரி மனுவை ரசித்திருந்தார்.

கடிக்காத நாய்க்குப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட கதை எங்கள் குடும்பத்தில் ரொம்பப் பிரசித்தம். எந்தக் கல்யாணத்திலும் சாப்பாட்டுக்கு அப்புறம் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். என்னைவிட என் மனைவி நன்றாகச் சொல்வாள், கோபாலன் மாமாவின் வேஷ்டி அவள் சொல்லும்போது இன்னும் நீளமாகக் கிழியும். மாப்பிள்ளைகள் புரண்டு புரண்டு சிரிப்பார்கள், நானும் சட்டையைத் தூக்கிக் காட்டுவேன். கதையின் முடிவில் அண்ணாச்சி கூண்டைத் திறந்து பாண்டியை அழைத்துக்கொள்வார், இரண்டு பேரும் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்விடுவார்கள். என் மூத்த பெண் ஆறு வயதில், அந்த நாய் என்ன ஆச்சு என்று கேட்டபோது நான் சேர்த்த முடிவு அது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை, அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன்.