அந்தோணியார் கண்டுபிடிக்கக் கூடாத நானூற்றுப் பன்னிரண்டு மெசேஜ்கள்

ரெட்டியார்சத்திரம்,
செவ்வாய் இரவு, மணி 12.40

அன்பும் மரியாதையும் உள்ள அருள்நாதன் மாமாவுக்கு உங்கள் அக்கா மகள் ஜெஸ்ஸி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, பசு, மோட்டார் நால்வரும் நலம். பெங்களூரில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாவிட்டாலும் முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் மாத்திரை போடுங்கள், ஏனென்றால் காலை ஏழு மணிக்குள் நீங்கள் என்னைக் காப்பாற்றியாக வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது எங்கள் கம்ப்யூட்டரில் லாக் எழுதும் புரோகிராம் ஒன்றைப் போட்டுத் தந்தீர்கள். மும்முனை கரண்டு வந்தாலும், மோட்டார் ஓடினாலும் நின்றாலும் அது குறித்துவைத்து, பிளகின் என்று நீங்கள் சொன்ன பகுதி வழியாக அப்பா போனுக்கு மெசேஜ் அனுப்பும். கம்ப்யூட்டரை யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதையும் அது அனுப்பும் என்று நீங்கள் சொல்லவில்லை மாமா. ஜூன் மாதம் ஒருநாள் காலையில் அப்பா போனை என் மூக்கு நேரே நீட்டினார். ‘ஜெஸ்ஸி, இரவு 11.52’ என்று இருந்தது. கொரியன் சீரியல் என்று ஒப்புக்கொண்டேன். இன்னொரு தடவை இப்படி மெசேஜ் வந்தால் மறுநாளே பழனி ஹாஸ்டல் என்றார். “சிஸ்டர்மாரு ஒம்பது மணிக்கெல்லாம் லைட்ட அணைச்சிருவாக, தெரியும்ல?” என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

சீரியலில் இன்னும் பத்தொன்பது எபிசோடு இருந்தது. நம்பர் மாறினால் திருத்திக்கொள்ள நீங்களே எனக்கு அனுமதி கொடுத்திருந்தீர்கள், அதனால் பிளகினில் இருந்த அப்பா நம்பரின் கடைசி எண்ணை மட்டும் அழித்தேன். என் மெசேஜோடு மோட்டார் மெசேஜும் நின்றுபோகும் என்று அப்போது தோன்றவே இல்லை. கரண்டு வந்து மோட்டார் தானே ஓடி, நிறுத்த ஆளில்லாமல், செண்டுமல்லித் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. பூவை விட்டுட்டுக் கெண்டை மீன் வளர்க்கலாம் என்று அம்மா சொன்னதிலிருந்து அப்பா மோட்டார் ரூமிலேயே படுக்க ஆரம்பித்தார், கொசுக்கடியில் முகம் வீங்கினார், போனைக் குற்றம் சொன்னார், டவரைக் குற்றம் சொன்னார், கடைசியில் காணாமல் போன மெசேஜையெல்லாம் கண்டுபிடித்துத் தரச் சொல்லி தொலைந்ததை மீட்டுத் தரும் புனித அந்தோணியாருக்குச் செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். பக்கத்தில் முழங்கால் போட்டு, தயவுசெய்து வேண்டாம் என்று அதே அந்தோணியாரிடம் நானும் வேண்டிக்கொண்டேன். ஆறு வாரம் ஜெயித்தேன்.

இன்று கோயிலில் நவநாள் ஜெபம் முடிந்து வரும்போது, போன் கடை ரோஹித் அண்ணன் நாளை ஏழு மணிக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கப்போகிறார் என்று அப்பா சொன்னார். பயந்துபோய், வீடு வந்ததும் அந்த எண்ணைத் திரும்பப் போட்டு புரோகிராமை மறுபடி ஓடவிட்டேன். உடனே அப்பா போனில் மணி அடித்தது. தோசையைப் பாதியில் விட்டு எழுந்தவர், மோட்டார் என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு டார்ச்சோடு ஓடினார். ஜூன் ஒன்பதாம் தேதி ஓடிய மோட்டாரை நிறுத்தப் போகிறார் என்று அவருக்குத் தெரியாது, திரையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நெட் வயரைப் பிடுங்கினேன். அப்பா சேறும் சகதியுமாகத் திரும்பினார், மூக்குக்கண்ணாடி தோட்டத்திலேயே விழுந்துவிட்டது. அதனால் இன்று மோட்டார் ரூமுக்குப் போகாமல் கூடத்திலேயே படுத்துவிட்டார்.

உங்கள் புரோகிராம் எதையும் தூக்கிப் போடவில்லை மாமா. அனுப்ப முடியாததையெல்லாம் ஒரு ஃபோல்டரில் வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறது, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் முப்பத்தேழு நான். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததையும் எழுதி வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். அழிக்கப் போனால் உங்கள் பாஸ்வேர்டு கேட்கிறது. உங்களைக் கூப்பிடலாம் என்றால் அம்மா போன் அம்மா தலையணைக்கு அடியில். ஆகவே நீங்கள் அங்கிருந்தே உள்ளே வந்து அந்த ஃபோல்டரைக் காலி செய்ய வேண்டும். இனிமேல் சத்தியமாக சீரியல் பார்க்கமாட்டேன், அது முடிந்தும் விட்டது.

அத்தைக்கு என் வணக்கம், குட்டி இளவேனிலுக்கு முத்தம். அந்தோணியார் உங்கள் குடும்பத்தை எந்நாளும் காப்பாராக. இங்கே மட்டும் இன்று ஓர் இரவு ஓய்வெடுப்பாராக.

உங்கள் அன்பு மருமகள்,
ஜெஸ்ஸி

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். இந்த மெயிலை அனுப்புவதற்காக இப்போதுதான் நெட் வயரைத் திரும்பச் சொருகினேன். சொருகிய பிறகுதான் யோசித்தேன். அப்பா போன் அடிக்கத் தொடங்கிவிட்டது, அறுபது வரை எண்ணினேன். அப்பா கூடத்திலிருந்து கூப்பிடுகிறார்: “ஏ ஜெஸ்ஸி, எந்திரி. அந்தோணியாரு அம்புட்டையும் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு. கண்ணாடியத்தான் காணோம், நீ வந்து ஒண்ணொண்ணா வாசி.” போகிறேன் மாமா. ஜெஸ்ஸி என்று இருக்கும் இடத்திலெல்லாம் மோட்டார் என்று வாசிக்கப் போகிறேன். அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி தேடத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.