பிப்பா கவனக்குறைவானவள் அல்லள்

வரலாறு என்பது நடந்து முடிந்த விஷயம் என்று நம்பிக்கொண்டிருக்கும் நாடுகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. எங்கள் ஜமைக்காவில் அந்த மூடநம்பிக்கை கிடையாது. இங்கே வரலாறு குழுக் கூட்டங்களில் நடக்கிறது. பெரும்பான்மை வாக்கில் நிறைவேறுகிறது. தேவைப்பட்டால் அடுத்த கூட்டத்தில் திருத்தப்படுகிறது.

இந்தப் பெரும்பணியை எங்கள் பக்கம் ஏற்று நடத்துவது 'பாரம்பரியக் காட்சித்தலங்கள் மற்றும் விருந்தினர் மனநிறைவுக் குழு'. அதன் தலைவர் திரு. மார்ட்டிமர் ஃபேசி. தலைநகர் கிங்ஸ்டனில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து, எங்கள் வடக்குக் கடற்கரையின் அழகைப் பற்றி அவர் கவலைப்படாத நாளே இல்லை.

நான் எகெர்ட்டன் பின்னாக். பாப்டிஸ்ட் சபையில் மூத்த டீக்கன். எங்கள் ஊர் ஃபால்மவுத். அதன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் 'பின்னாக் சாப்பாட்டுக் கடை' எங்களுடையது. என் தங்கை ஐவா வைக்கும் ஆட்டுக்கறிக்கும், பயறு போட்ட தேங்காய்ப்பால் சோற்றுக்கும் நீதிபதியும் கைதியும் ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சமையல்காரர்கள். வக்கீலுக்குப் படித்த ஒருவனும் இருக்கிறான். அவனைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

எங்கள் குலத்தின் மூத்த தாய் பிப்பா. ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த குன்றின்மேல் இருக்கும் மெர்சி ஹால் மாளிகையில் அடிமை, சமையல்காரி. 1831ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த மாளிகையை எரித்தவள் அவள்தான். இதை நாங்கள் ரகசியமாக வைத்துக்கொள்வதில்லை. கல்யாணத்திலும் சொல்வோம், ஞானஸ்நானத்திலும் சொல்வோம். கரும்புத் தோட்ட முதலாளியும் விருந்தாளிகளும் புல்வெளியில் நின்று கடலின் நிறத்தை வியந்துகொண்டிருந்த வேளையில், சூப் பரிமாறும் பெரிய மூடிப் பாத்திரத்தில் தணலை நிரப்பிக்கொண்டு, முற்றத்தைக் கடந்து, நேராக வரவேற்பறைக்குள் போனாள். மூடிய பாத்திரத்தோடு போகும் சமையல்காரியை எந்தக் காவலாளி நிறுத்துவான்? விசாரணையில் "நான்தான்" என்றாள். ஊர் நீதிமன்றத்தின் முன்னால் தூக்கிலிட்டார்கள்.

குழு அந்த மாளிகையைப் புதுப்பித்தது. கப்பலில் வரும் பயணிகள் பார்க்கவும், வெளிநாட்டு ஜோடிகள் அங்கே மோதிரம் மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு. திறப்பு விழாவுக்கு முன் ஒரு வெள்ளோட்டம் விட்டார்கள். ஊர்ப் பெரியவர்களை அழைத்தார்கள். நான் கோட்டு அணிந்து போனேன். வழிகாட்டி, குழுவின் ஆராய்ச்சி அதிகாரி மிஸ் ஷெர்னா கிளாக்கன். மெத்தப் படித்த, இனிமையாகப் பேசும் பெண்.

கோட்டையில் பீரங்கிகளைக் கண்டோம். நீதிமன்றப் படிக்கட்டில் எங்களை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சர்க்கரை ஆலையின் நீர்ச்சக்கரத்தைச் சுற்றி வந்தோம். பிறகு குன்றேறி மெர்சி ஹால். புதிய மரக்கூரை, மகாகனி மாடிப்படி, கீழே பச்சையும் நீலமுமாகக் கடல். குழுவின் உழைப்பு மெய்சிலிர்க்க வைத்தது. திரைச்சீலையின் பழைய நிறத்தைக் கண்டுபிடிக்க லண்டனுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். முதலாளியின் குதிரைக்குப் பெயர் சுல்தான் என்பதுவரை தோண்டி எடுத்திருந்தார்கள்.

மிஸ் கிளாக்கன் பித்தளைப் பலகையின் முன்னால் நின்று வாசித்தார்: "கலைநயம் மிக்க இந்த இல்லம், சமையல்காரியின் கவனக்குறைவால் 1831இல் தீக்கிரையானது."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

சபையில் பாட்டுக் குழுவை நடத்தும் மிஸஸ் லம்ஸ்டன் விசிறியை நிறுத்தாமலே கேட்டார்: "டீக்கன், கடையில அடுப்ப அணைச்சிட்டுத்தானே வந்தீங்க?"

மறுநாள் கடைக்கு வந்த டாக்சி ஓட்டுநர் ஒருவன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தன் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"எதுக்குப்பா இது?" என்றாள் ஐவா.

"ஒண்ணுமில்ல மிஸ் ஐவா. உங்க பரம்பரைய நெனச்சேன். ஒரு பாதுகாப்புக்கு."

கடை முழுக்கச் சிரிப்பு. ஐவா அவனுக்குச் சோறு போட்டாள், கறி போடவில்லை. பிறகு உள்ளே வந்து என் முன்னால் நின்றாள்.

"அண்ணே, நம்ம பிப்பாவக் கொலைகாரின்னு எழுதியிருந்தாக்கூட நான் பொறுத்துக்குவேன். அடுப்பப் பாத்துக்கத் தெரியாதவன்னு எழுதிட்டாங்களே. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கரண்டி பிடிப்பேன்?"

"நான் பேசுறேன்."

"மந்திரி வந்து தெறக்கறதுக்குள்ள அந்தப் பலகைய மாத்து. இல்லேன்னா கடைச் சாவிய உன் கையில குடுத்துட்டு நான் மகன் வீட்டுக்குப் போயிடுவேன்."

நான் மறுபடியும் கோட்டு அணிந்தேன்.

குழுவின் கூட்டத்தில் எனக்கு நாற்காலியும் குளிர்ந்த இளநீரும் கொடுத்தார்கள். தலைவர் ஃபேசி என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"பின்னாக் ஐயா, உங்க கோரிக்கைய இன்னொரு தரம் சொல்லுங்க. நான் சரியாப் புரிஞ்சிக்கிட்டேனான்னு பாக்கணும்."

"எங்க பாட்டி வேணும்னே எரிச்சாங்க. அப்படியே எழுதணும்."

"அதாவது, உங்க குடும்பத்து மேல தீ வச்ச குற்றத்தச் சுமத்தச் சொல்றீங்க."

"ஆமா. கவனக்குறைவுங்கிற அவதூற நீக்கிட்டுச் சுமத்துங்க."

அவர் மிஸ் கிளாக்கனைப் பார்த்தார். மிஸ் கிளாக்கன் கனிவோடு விளக்கினார்: "ஐயா, பிப்பா குற்றவாளின்னு சொன்னது யாரு? வெள்ளக்காரன் கோர்ட்டு. அடிமை முதலாளிங்க கோர்ட்டு. சுதந்திர நாட்டுல அந்தத் தீர்ப்ப நாம ஏத்துக்கலாமா? அதனாலதான் போன மாசக் கூட்டத்துல பிப்பாவ நாங்க ஒருமனதா விடுதலை பண்ணிட்டோம்."

"விடுதலையா?"

"முழு விடுதலை. தீ வச்ச குற்றம் ரத்து. வெறும் கவனக்குறைவுதான்னு குறைச்சிட்டோம். எத்தனை வருஷக் களங்கம், ஒரே வாக்குல போச்சு."

குழு மெதுவாகக் கைதட்டியது. நான் எழுந்து நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள்.

"அவங்க ஒத்துக்கிட்டாங்க," என்றேன். "'நான்தான்'னு நிமிர்ந்து நின்னு சொன்னாங்க."

"பாவம், பயத்துல சொல்லியிருப்பாங்க," என்றார் தலைவர். "ஐயா, மனசு விட்டுப் பேசுறேன். அங்க கல்யாணம் நடக்கப் போகுது. கோபத்துல எரிஞ்ச வீட்டுல எந்தப் பொண்ணு கழுத்த நீட்டும்? கவனக்குறைவுன்னா ஒரு மனுஷத்தன்மை இருக்கு. கேட்டவங்க சிரிச்சிக்கிட்டே போவாங்க."

அதன்பின் நான் விவாதிக்கவில்லை. "என்னோட ஒருமுறை குன்றுக்கு வாங்க," என்றேன். வந்தார்கள்.

பழைய மாளிகைகளில் சமையற்கட்டு வீட்டோடு ஒட்டியிருக்காது. நெருப்புக்குப் பயந்து, முற்றத்துக்கு அப்பால், தனிக் கல்கட்டடமாக வைப்பார்கள். மெர்சி ஹாலில் மாளிகைக்குப் பின்னால், மலைப் பக்கம் இருக்கிறது. பகலெல்லாம் கடலிலிருந்து வீசும் காற்று புகையையும் பொறியையும் மலைக்குத்தான் கொண்டுபோகும். அந்தக் காற்றுக்கு நாங்கள் டாக்டர் காற்று என்று பெயர் வைத்திருக்கிறோம். குழுவைச் சமையற்கட்டுக்குள் அழைத்துப் போனேன். அப்போது அது பரிசுப்பொருள் கடையாக மாறிக்கொண்டிருந்தது. பழைய உத்தரம், பழைய கதவு, பழைய கூரைச் சட்டம். எதிலும் ஒரு கருகல் இல்லை.

"மாளிகை எரிஞ்சி கல்லு மட்டும்தான் மிஞ்சுச்சு," என்றேன். "அடுப்பு இருந்த கட்டடத்துல ஒரு கரித்தடம் காட்டுங்க. கவனக்குறைவாத் தீப்பிடிச்சா எது முதல்ல எரியும்?"

குழு உத்தரத்தைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. மிஸ் கிளாக்கனின் முகத்தில் ஏதோ மாறியது. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் ஃபேசி என் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நல்ல நேரத்துல சொன்னீங்க. இது எங்க கண்ணுல படவே இல்ல. மந்திரி வர்ற அன்னிக்கு எவனாவது பத்திரிகைக்காரன் கேட்டிருந்தா மானம் போயிருக்கும். உடனே சரி பண்ணிடுறோம்."

நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். ஐவா அன்று எனக்கு அவித்த ஈரப்பலாக்காயும் வறுத்த மீனும் வைத்தாள்.

குழு சரிசெய்தது. பலகையை அல்ல, சமையற்கட்டை. பலகைக்கும் கட்டடத்துக்கும் முரண்பாடு இருந்தால், பித்தளையை உருக்குவதா, சுவரைக் கரியாக்குவதா? பித்தளை விலை அதிகம். 'வரலாற்று ஒத்திசைவுப் பணி' என்று அதற்குப் பெயரிட்டு, சமையற்கட்டின் உத்தரங்களையும் சுவரையும் அளவாகப் புகையூட்டிக் கருக்குவதென்று தீர்மானித்தார்கள். அத்தகைய பணியைக் கூலிக்காரரிடம் விடாமல், தலைவரே தம் கையால் தொடங்கி வைக்க இசைந்தது அவருடைய பெருந்தன்மை. படம் நன்றாக விழ வேண்டுமென்று, பொழுது சாயும் பொன்னான வேளையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பொழுது சாய்ந்தால் எங்கள் கரையில் காற்று திரும்பும். மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகும். அதை நாங்கள் பாடைக் காற்று என்போம். இந்த ஊரில் அடுப்பு வைத்திருக்கும் எவளும் அந்த நேரத்தில் தணலைச் சாம்பலால் மூடிவிடுவாள். தலைவர் ஃபேசியைக் குறை சொல்ல முடியாது. அவருடைய அலுவலகத்தில் காற்று ஒரே துவாரத்திலிருந்து ஒரே திசையில்தான் வரும்.

உலர்ந்த தேங்காய் மட்டையும் மண்ணெண்ணெயும் குவித்து, தீப்பந்தத்தைச் சாய்த்துப் பிடித்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். காற்று திரும்பியது. பொறிகள் முற்றத்தைக் கடந்து புதிய மரக்கூரையில் இறங்கின. தீயணைப்பு வண்டி குன்றேறி வந்தபோது மாளிகையில் கல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது; அணைக்க வேண்டியது தலைவரின் கோட்டு மட்டுமே. கடற்கரை விடுதியில் தங்கியிருந்த மணமகனும் மணமகளும் தங்களுக்காகத்தான் வாணவேடிக்கை என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்களாம். சமையற்கட்டு இந்த முறையும் தப்பித்துக்கொண்டது. கொஞ்சம் கரி, அவ்வளவுதான். அது குழு கேட்ட அளவே.

இரண்டு நாள் கழித்துச் சார்ஜென்ட் டல்லக் கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஐவா அவர் முன்னால் தட்டை வைத்தாள்.

"டீக்கன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல ஒரு புகார். மாளிகைய நீங்க எரிச்சிட்டதா ஃபேசி எழுதிக் குடுத்திருக்காரு."

"கவனக்குறைவாவா?"

"இல்ல. அந்த வார்த்தைய எழுதினா அது அவர் தலையிலதான விடியும். திட்டமிட்டுன்னு எழுதியிருக்காரு." சார்ஜென்ட் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார்: "'மேற்படி எகெர்ட்டன் பின்னாக்கின் குடும்பம், 1831ஆம் ஆண்டிலேயே இதே மாளிகையைத் திட்டமிட்டு, முழு உணர்வோடு, மிகுந்த சாமர்த்தியத்துடன் எரித்த குடும்பமாகும். ஆகவே...'"

"அங்க நிறுத்துங்க. அந்த வரிய இன்னொரு தரம் படிங்க."

மறுபடியும் வாசித்தார். ஐவா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"'மிகுந்த சாமர்த்தியத்துடன்'னா போட்டிருக்கு?"

"ஆமா மிஸ் ஐவா. கீழ தலைவர் கையெழுத்து. குழு முத்திரை."

"சார்ஜென்ட், இன்னும் ரெண்டு துண்டு கறி வைக்கட்டுமா?"

"அம்மா, உங்க அண்ணன் மேல தீ வச்ச கேசு. நீங்க கறி போடுறீங்க."

"அன்னிக்கு சாயங்காலம் நான் எங்க இருந்தேன்னு கேளுங்க," என்றேன்.

"எங்க இருந்தீங்க?"

"உங்களுக்கு முன்னாடிதான். சபையில பாட்டுப் பயிற்சி. நீங்க ரெண்டாவது வரிசையில தாளம் தப்பிப் பாடிக்கிட்டிருந்தீங்க."

சார்ஜென்ட் தாடையைச் சொறிந்தார். "அது எனக்கும் ஞாபகம் இருக்கு. தீப்பந்தத்தோட ஃபேசி சிரிக்கிற படமும் பேப்பர்ல வந்தாச்சு. இந்தப் புகார் நிக்காது டீக்கன்."

"புகார் நிக்க வேணாம். அந்த வரி நின்னாப் போதும். எனக்கு ஒரு நகல் வேணும், முத்திரையோட."

அவர் தாளை மடித்தார். கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசிப்பவர்போல, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அது சரி, பிப்பா அம்மா எதுக்கு எரிச்சாங்க?"

திரைச்சீலைக்கு லண்டன்வரை போன குழு, அத்தனை கூட்டங்களிலும் அந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. ஆனால் குழுவுக்குப் பதில் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மிஸ் கிளாக்கன் பின்னொரு நாள் கடைக்கு வந்து, தலை குனிந்து, தம் முதல் அறிக்கையிலேயே அதை எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்; தலைவர் படித்துவிட்டு எடுத்துவிடச் சொன்னாராம்.

சார்ஜென்ட்டுக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். பிப்பாவுக்கு நான்கு பிள்ளைகள். நல்ல விலை வரும் வயது வரட்டும் என்று காத்திருந்து, நால்வரையும் ஒவ்வொருவராக மெர்சி ஹால் முதலாளி விற்றார். விற்றது கவனக்குறைவால் அல்ல. அதைப் பலகையில் எழுதாமல் விட்டதும் கவனக்குறைவால் அல்ல.